வேலை, வீடு, சைக்கிள் போட்டி: ஒரு வாரம் எப்படிப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும்போதும், அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும், எங்கள் அடுக்ககத்து லிஃப்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எனக்கு வயது 41. கிண்டியில் கணக்குப் பிரிவில் வேலை, திருவான்மியூரில் வீடு, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். ஐந்து வருடமாக அமெச்சூர் சைக்கிள் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். ஞாயிறு அன்று போட்டி இருக்கிற ஒரு வாரத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இதற்குச் சம்பளம், பரிசுப் பணம் ஏதாவது உண்டா?

சம்பளம் கிடையாது. ரயில்வே, ராணுவம் போன்ற அணிகளுக்காக ஓட்டுகிறவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இருக்கும், பயிற்சிதான் அவர்களுடைய பணி. நாங்கள் நுழைவுக் கட்டணம் கட்டி, சொந்தச் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். முதல் மூன்று இடங்களுக்கு ஏதோ ஒரு தொகை தருவார்கள். அது டயர் வாங்கக் கூடப் போதாத வருடங்களும் உண்டு, போதிய வருடங்களும் உண்டு.

என்னென்ன வகைப் போட்டிகள்?

மூன்று வகை. டைம் டிரையல் என்பது தனித்தனியாக, ஒரு நிமிட இடைவெளியில் அனுப்பிக் கடிகாரத்தோடு மோதவிடுவது. ரோடு ரேஸில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவார்கள், முடிவுக் கோட்டை முதலில் தொடுகிறவர் வெற்றி. மூன்றாவது மலை ஏற்றம். சென்னையில் பெரும்பாலும் முதல் இரண்டும்தான், ஏனென்றால் நம் ஊரில் மேடு என்றால் மேம்பாலம்தான். பலர் பிரெவே என்கிற 200, 300 கிலோமீட்டர் நீண்டதூர ஓட்டத்தையும் போட்டி என்று நினைக்கிறார்கள். பிரெவேயில் முதல் ஆள், கடைசி ஆள் என்று கிடையாது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், முடித்த எல்லோரும் சமம். அதற்கு வேறு மாதிரியான பொறுமை வேண்டும். நான் 200 மட்டும் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

நான் கிலோமீட்டரைக் கணக்கில் வைப்பதில்லை, மணி நேரத்தைத்தான் வைக்கிறேன். ஒரு வாரத்தில் எட்டு மணி நேரம், எப்போதாவது ஒன்பது. தோராயமாக 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், போட்டி வாரத்தில் அதைவிடக் குறையும். எதிர்க்காற்றில் ஓட்டிய 40 கிலோமீட்டரும் காற்று தள்ளிவிட்ட 40 கிலோமீட்டரும் உடம்புக்கு ஒன்றில்லை, ஆனால் ஒரு மணி நேரம் எங்கேயும் ஒரு மணி நேரம்தான். வாரத்துக்கு 400 கிலோமீட்டர் ஓட்டுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னைவிட வேகம், சிலர் எப்போதும் களைத்த முகத்தோடு இருப்பவர்கள். வேலைக்குப் போகிறவனுக்குக் கூடுதல் கிலோமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், தூக்கத்திலிருந்துதான் வருகிறது. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்கே அதுதான் முக்கியக் காரணம், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை என்ன பயிற்சி?

ஒன்றுமில்லை. சைக்கிளைத் தொடுவதே இல்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் ஏன் யாரோடும் சேராமல் தனியாகப் போகிறீர்கள்?

அன்றைக்குத்தான் வாரத்தின் கடினமான பயிற்சி, இன்டர்வெல். அக்கரை தாண்டிய பிறகு உத்தண்டி, முட்டுக்காடு பக்கம் விடிவதற்கு முன்னால் சாலை ஓரளவு காலியாக இருக்கும், சிக்னல் குறைவு. அங்கே எட்டு நிமிடம் முழு உழைப்பு, நான்கு நிமிடம் மெதுவாக, மறுபடியும் எட்டு. இப்படி நான்கு முறை. முழு உழைப்பு என்றால் கண்மண் தெரியாமல் மிதிப்பது என்று அர்த்தமில்லை. முதல் எட்டு நிமிடத்தில் எத்தனை வாட் (மிதிக்கும் திறனின் அளவு) வந்ததோ அதே வாட் நான்காவதிலும் வர வேண்டும், அதுதான் சரியான அளவு. முதலாவதில் 280 காட்டிவிட்டு கடைசியில் 210க்கு இறங்கினால் அந்தக் காலை வீண். இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் நான் அவரோடு போட்டி போட ஆரம்பித்துவிடுவேன், என்னுடைய எண் போய் அவருடைய எண் வந்துவிடும். அதனால்தான் தனியாக.

வாட், எஃப்டிபி என்று பேசிக்கொள்கிறீர்களே, அது என்ன?

பெடலில் நீங்கள் செலுத்தும் திறனை பவர் மீட்டர் என்ற கருவி வாட் கணக்கில் காட்டும். ஒரு மணி நேரம் தொடர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்தான் ஏறக்குறைய எஃப்டிபி. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிப்பது எல்லோருக்கும் முடியாது என்பதால் 20 நிமிடம் முழு உழைப்பில் ஓட்டி, அந்தச் சராசரியை 0.95ஆல் பெருக்கிக்கொள்கிறோம். போன மாதம் எனக்கு 20 நிமிடத்தில் 243 வந்தது, அப்படியென்றால் எஃப்டிபி 231. என் எடை 68 கிலோ, ஒரு கிலோவுக்கு 3.4 வாட். மலையில் இந்தக் கடைசி எண்தான் பேசும். சமதளத்தில் எடை பெரிய விஷயமில்லை, காற்றை எப்படிக் கிழிக்கிறீர்கள் என்பதுதான்.

பவர் மீட்டர் இல்லாமல் பயிற்சி செய்ய முடியாதா?

தாராளமாகச் செய்யலாம். முதல் இரண்டு வருடம் என்னிடம் மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை மட்டும்தான் இருந்தது. அதுவும் இல்லையென்றால் பேச்சை வைத்தே அளக்கலாம். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவான ரைடு, நான்கைந்து வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் நடுத்தரம், ஒரு வார்த்தை கூட வரவில்லை என்றால் அது இன்டர்வெல்.

புதன்கிழமை உங்களை 22 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்தேன், உடம்பு சரியில்லையா?

நன்றாகத்தான் இருந்தேன். புதனும் வியாழனும் மெதுவாக ஓட்டுகிற நாட்கள், ஒவ்வொரு மணி நேரம். பெசன்ட் நகர் வரை போய், கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வருவேன். புதிதாக வருபவர்களிடம் நான் பார்க்கும் பெரிய தவறு இங்கேதான் இருக்கிறது. மெதுவான நாளில் கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறார்கள், அதனால் வேகமான நாளில் கால் வராமல் கொஞ்சம் மெதுவாகப் போகிறார்கள், எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் கரைந்துபோகிறது. ஒரு டெலிவரி பையன் மின்சார ஸ்கூட்டரில் தாண்டினால்கூட பின்னால் போகத் தோன்றும், எனக்கும் தோன்றும். போகக் கூடாது. மெதுவான ரைடில் கால் தசைகளில் இரத்த ஓட்டம் கூடுகிறது, உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறது, அதே நேரத்தில் செவ்வாய்க்கிழமைக் களைப்பும் இறங்குகிறது. மூச்சு வாங்க ஆரம்பித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும்.

காலை நான்கு மணிக்கு எப்படி எழுகிறீர்கள்?

இரவு ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவதால் எழுகிறேன். கேட்பவர்கள் எல்லோரும் அலாரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், எத்தனை அலாரம் வைப்பீர்கள், எப்படி அணைக்காமல் இருப்பீர்கள் என்று. விஷயம் முந்தின இரவில் இருக்கிறது. பவர் மீட்டர் வாங்கிய முதல் வருடம் நான் பதினொன்றரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்து ஓட்டிக்கொண்டிருந்தேன், பெருமையாகவும் இருந்தது. ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரலுக்குள் வாரத்துக்கு பத்து மணி நேரம் வரை ஏற்றினேன். ஏப்ரலில் என்னுடைய 20 நிமிட எண் ஜனவரியில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. சளி விடவே இல்லை, அலுவலகத்தில் ஒரு வவுச்சரில் ஒரு சைபரை விட்டுவிட்டேன், மகளிடம் காரணமில்லாமல் கத்தினேன். அப்புறம் ஒரு மாதம் பயிற்சியை எட்டு மணி நேரமாகக் குறைத்து, தூக்கத்தை ஏழு மணி நேரமாக ஏற்றினேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஜூனில் எண் திரும்ப வந்தது, ஜூலையில் அதைத் தாண்டியது.

பயிற்சி தசையை வலுவாக்குவதில்லை, பயிற்சி தசையைச் சேதப்படுத்துகிறது. சேதத்தைச் சரிசெய்து முன்னைவிட வலுவாகக் கட்டுகிற வேலை ஓய்வில்தான், குறிப்பாகத் தூங்கும்போது, நடக்கிறது. தூங்காமல் ஓட்டுவது கொத்தனாரே வராத இடத்தில் செங்கல் இறக்கிக்கொண்டே இருப்பது மாதிரி. தொழில்முறை வீரர் காலையில் ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு மதியம் படுத்துக்கொள்கிறார். நாம் மதியம் எக்செல் ஷீட்டில் இருக்கிறோம். அவருடைய பயிற்சி அட்டவணையைப் பார்த்து நாமும் செய்வது தப்புக் கணக்கு.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். இரவு பத்தரைக்கு மேல் ஆகிவிட்டால் அலாரத்தை அணைத்துவிடுவேன், மறுநாள் ரைடு கிடையாது. உறவினர் கல்யாணம், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, மகளுக்குக் காய்ச்சல், எதுவாக இருந்தாலும் இதே விதி. விட்டுப்போன ரைடை வேறு நாளில் ஈடுகட்டவும் மாட்டேன். காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பார்ப்பேன். வழக்கமாக நிமிடத்துக்கு 52 இருக்கும். 60ஐ நெருங்கினால் செவ்வாயாக இருந்தாலும் மெதுவான ரைடுதான், இல்லையென்றால் மறுபடியும் படுக்கை.

வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். நான் ஒன்பதுக்குப் படுக்கிறேன் என்றால், அதற்குப் பிறகு மகளின் வீட்டுப்பாடம், பாத்திரம், கேஸ் மூடுவது எல்லாம் மனைவி தலையில் விழுகிறது. ஒரு நாள் அவள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினாள். நான் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் சைக்கிள் துடைப்பது, குளிப்பது, டீக்கடை, சனிக்கிழமை மதியத் தூக்கம் எல்லாம் சேர்த்தால் பதினாறு மணி நேரம் வருகிறது. அது சரியான கணக்கு. அதன் பிறகு ஏற்பாட்டை மாற்றிக்கொண்டோம். வார நாட்களில் ஓட்டினால் ஆறே முக்காலுக்குள் வீட்டுக்குள் இருப்பேன், காலை டிஃபனும் மகளின் சாப்பாட்டு டப்பாவும் என் பொறுப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிறு எனக்கு, இரண்டு ஞாயிறு அவளுக்கு. அவளுடைய ஞாயிறில் போட்டி வந்தால் நான் பெயர் கொடுப்பதில்லை. போன வருடம் எனக்கு மிகவும் பொருத்தமான ஒரு டைம் டிரையலை அப்படி விட்டேன். விட்டது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

என்ன சாப்பிடுகிறீர்கள்? புரோட்டீன் பவுடரா?

வீட்டுச் சாப்பாடுதான். முட்டை, பருப்பு, தயிர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன். சோற்றைக் குறைத்தால் வேகம் வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, சோற்றை விட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை இன்டர்வெல் செய்யப் போகிறார்கள், மூன்றாவதில் கால் நின்றுவிடுகிறது. கடினமான உழைப்புக்கு உடம்பு எரிப்பது பெரும்பாலும் மாவுச்சத்தை, அது தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருப்பது ஒன்றரை இரண்டு மணி நேரத்து உழைப்புக்குத்தான் வரும். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமென்றால் ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும்.

காலை நான்கேகாலுக்கு ஒரு வாழைப்பழம், கால் டம்ளர் காபி. ஒரு மணி நேர ரைடுக்கு இது போதும், தண்ணீர் மட்டும் எடுத்துப் போவேன். சனிக்கிழமை நீண்ட ரைடில் ஒரு மணி நேரத்துக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. விலை கூடிய ஜெல் பாக்கெட்டுகள் கிடைக்கின்றன, போட்டியன்று ஒன்று எடுத்துக்கொள்வேன். மற்ற நாளில் 750 மில்லி பாட்டிலில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ், இரண்டும் குடலில் வேறு வேறு வழியில் உள்ளே போவதால் வயிறு தாங்குகிறது. கூடவே சட்டைப் பின்பையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். மே மாதத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒரு லிட்டர் குடித்த பிறகும், எடை பார்த்தால் ஒன்றரை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. அவ்வளவும் வியர்வை. வீட்டுக்கு வந்ததும் மோர் குடிப்பது அதனால்தான். வெயில் காலத்தில் பழையசோற்று நீராகாரம் உப்புப் போட்டு இரண்டு டம்ளர், அதற்கு இணையாக நான் கடையில் எதையும் வாங்கியதில்லை.

எல்லோருக்கும் சொல்லும் ஒரே எச்சரிக்கை, போட்டியன்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை கூட்டமாகப் போகிறீர்களே, ஏன் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள்? ஆபத்தில்லையா?

காற்றுக்காக. சைக்கிள் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அதுவும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. வேகம் 30லிருந்து 36 ஆனால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், காற்றுக்குக் கொடுக்க வேண்டிய திறன் எழுபது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஆனால் முன்னால் ஒருவர் போனால் அவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார், பின்னால் இருப்பவருக்கு நான்கில் ஒரு பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். 36 கிலோமீட்டரில் நான் முன்னால் இருந்தால் 230 வாட், இரண்டாவது மூன்றாவதாக இருந்தால் 160தான். இதைத்தான் டிராஃப்டிங் என்கிறோம். ஒருவர் ஒரு நிமிடம் முன்னால் இழுத்துவிட்டு, பக்கவாட்டில் விலகி, கடைசிக்குப் போய் ஒட்டிக்கொள்வார், அடுத்தவர் இழுப்பார். எட்டுப் பேர் இப்படிச் சுற்றினால் தனியாக ஒருவராலும் போக முடியாத வேகத்தில் எட்டுப் பேரும் போகலாம். இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது. முன் சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் இடம் விட்டு, பிரேக்கைத் தொடாமல், கண்ணை அந்தச் சக்கரத்தில் வைக்காமல் அவர் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்து ஓட்டுவதற்கு எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

ஆபத்து உண்டு, அதனால்தான் கைச் சைகைகள் கடுமையாக இருக்கும். பள்ளம் இருந்தால் கையை நீட்டிக் காட்ட வேண்டும், மணல் என்றால் உள்ளங்கையை ஆட்ட வேண்டும், நிற்கப் போகிறோம் என்றால் கத்த வேண்டும். காட்டாமல் பள்ளத்தை மட்டும் விலகிப் போனால் பின்னால் வருகிறவர் அதில் விழுவார். சைகை காட்டாதவரை இரண்டு முறை சொல்லிப் பார்ப்போம், மூன்றாவது முறை குழுவில் சேர்க்க மாட்டோம்.

காற்றைப் பற்றி இன்னொன்று. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நம்மிடம் பெயர் இருக்கிறது, ஈசிஆரில் ஒரு வருடம் ஓட்டினால் நான்கும் தோலுக்குப் பழகிவிடும். சாலை வடக்கு தெற்காகப் போவதால், கோடைக்கால மாதங்களில் மகாபலிபுரம் நோக்கிப் போகும்போது தெற்கத்திக் காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது தூக்கிக்கொண்டு வரும். டிசம்பரில் வாடை அடித்தால் இது தலைகீழ், போகும்போது பறப்பீர்கள், களைத்துத் திரும்பும்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் கல்லாக இருக்கும். புதியவர்கள் அந்த மாதத்தில்தான் முட்டுக்காட்டில் நின்றுவிட்டு வண்டி புக் செய்கிறார்கள். மேற்கிலிருந்து பக்கக் காற்று வந்தால் நேர் பின்னால் போவது பலன் தராது, கடல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிச் சாய்வாக அணிவகுக்க வேண்டும். சாலையை மூடி நடத்தும் போட்டியில்தான் அது சாத்தியம், சாதாரண நாளில் அப்படிச் சாலையை அடைத்துக்கொண்டு போகவே கூடாது.

விலை உயர்ந்த சைக்கிள் இல்லாமல் போட்டிக்கு வரலாமா?

வரலாம். என் முதல் ரோடு பைக் வேறொருவரிடமிருந்து 32 ஆயிரத்துக்கு வாங்கியது, அலுமினியச் சட்டம், கிளாரிஸ் என்கிற ஆரம்பநிலை எட்டு கியர் தொகுதி. அதில் இரண்டு வருடம் ஓட்டினேன். இப்போதிருப்பது 8.9 கிலோ. சர்வதேசப் போட்டிகளிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளுக்கு அனுமதியில்லை, அந்த இரண்டு கிலோவுக்காக லட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சமதளமான ஈசிஆரில் அந்த இரண்டு கிலோ தெரியவே தெரியாது. கையில் பணம் குறைவாக இருந்தால் நான் செலவழிக்கிற வரிசை இது: தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட், நல்ல டயர், நல்ல பிப் ஷார்ட்ஸ் (தோள்பட்டையோடு, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை), அப்புறம் சீட் உயரமும் ஹேண்டில்பார் தூரமும் சரியாக வைத்துத் தரும் ஒருவரிடம் ஒரு மணி நேரம். கார்பன் சட்டம் எல்லாம் இதற்கெல்லாம் பிறகு.

வெள்ளிக்கிழமை ஓட்டுவதில்லையா?

இல்லை. அன்று மாலை சைக்கிளுக்கு. கடலோரத்தில் ஓட்டுவதால் உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மணல் ஒட்டிக்கொள்ளும். செயின் நீண்டிருக்கிறதா என்று சின்ன அளவுகோலை வைத்துப் பார்ப்பேன். அரை சதவீதம் நீண்டதும் மாற்றிவிட்டால் கேசட் (பின் சக்கரத்திலுள்ள பல்சக்கரத் தொகுதி) பல வருடம் வரும், விட்டுவிட்டால் கேசட்டையும் தின்றுவிடும். டயரில் கண்ணாடித் துண்டு, கம்பி ஏதாவது குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். 28 மில்லிமீட்டர் டயரில் என் எடைக்கு 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம். 110 அடித்தால் வேகம் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு, நம் சாலையில் அது சைக்கிளைக் குதிக்க வைக்கும், அவ்வளவுதான்.

மலைப் பயிற்சிக்கு என்ன செய்வீர்கள்?

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏலகிரி. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று பேர் சேர்ந்து போவோம். 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள், அதனால் மூச்சு முட்டும்போது பாரி தாண்டியாயிற்று, இன்னும் இத்தனை பேர் பாக்கி என்று எண்ணிக்கொண்டே ஏறலாம். முதல் முறை போகிறவர்களுக்கு ஏலகிரிதான் சரி. ஏற்காட்டில் 20 வளைவு, கொல்லிமலையில் 70. கொல்லிமலையை நான் ஒரு முறைதான் ஏறியிருக்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் அங்கே கவனம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்காமல் வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவில் விட்டு இறங்கப் பழகியிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில்?

வீட்டுக்குள் டிரெய்னர், அதாவது சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரியாது, அதில் போய் விழ நான் தயாரில்லை. பால்கனியில் மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்து 50 நிமிடம். கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமல் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு.

விழுந்திருக்கிறீர்களா?

2022 ஜூலையில் ஒரு திருப்பத்தில் மணலில் வழுக்கி இடது காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கை தொட்டிலில். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஹெல்மெட் இல்லாமல் வருபவரோடு நான் ஒரு கிலோமீட்டர்கூடப் போக மாட்டேன், நெருங்கிய நண்பராக இருந்தாலும். விடிவதற்கு முன் பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டு, ஒன்று அணைந்தாலும் மற்றொன்று இருக்கும். நாய் துரத்தினால் வேகமெடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டலாக ஒரு சத்தம் கொடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

காலில் முடியை எடுப்பது ஏன்?

விழுந்து சிராய்த்தால் காயத்தைக் கழுவவும் பிளாஸ்திரியைப் பிரிக்கவும் வசதி. கட்டாயமில்லை, நான் செய்வதில்லை.

பெண்கள் வருகிறார்களா?

எங்கள் குழுவில் நான்கு பேர். அதில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதுதான் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒரு முறைகூட வேகத்தைத் திடீரென்று ஏற்றி இறக்க மாட்டார். போட்டியில் பெண்களுக்குத் தனிப்பிரிவு உண்டு, ஆனால் சில இடங்களில் ஏழெட்டுப் பேர்தான் பெயர் கொடுக்கிறார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். குழுவோடு ஓட்டுவதில் பயமில்லை, நாலரை மணி இருட்டில் வீட்டிலிருந்து குழு நிற்கும் இடம் வரை தனியாக வருவதுதான் பயம். அதனால் ஒரே பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சேர்ந்து கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம், அவர்கள் வந்து சேராமல் குழு நகராது. இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குப் பிறகுதான் நான்காவது ஆள் வந்தார். இன்னும் பல பேர் வர வேண்டும்.

போட்டி நாள் எப்படி இருக்கும்?

கடைசியாக ஓட்டியதைச் சொல்கிறேன். 11 கிலோமீட்டர் சுற்று நான்கு, மொத்தம் 44. சனிக்கிழமை போட்டிக்கு முந்தின நாள் என்பதால் நீண்ட ரைடு இல்லை, 40 நிமிடம் மெதுவாக ஓட்டி, நடுவில் மூன்று முறை ஒரு நிமிடம் வேகம், அவ்வளவுதான். இரவு எட்டரைக்குப் படுத்தேன், தூக்கம் சரியாக வரவில்லை. போட்டிக்கு முந்தின இரவு யாருக்கும் வருவதில்லை, அதற்கு முந்தின இரண்டு இரவும் நன்றாகத் தூங்கியிருந்தால் பாதகமில்லை. மூன்றரைக்கு எழுந்து நான்கு இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பார் வேண்டாம், வயிறு.

ஐந்தே முக்காலுக்குக் கிளப்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது பேர். இப்படிப்பட்ட சுற்றுகளில் முக்கியமான இடம் இரண்டு முனையிலும் உள்ள யூ டர்ன். முன்னால் இருப்பவர்கள் லேசாக பிரேக் பிடித்துத் திரும்பிவிடுவார்கள். பின்னால் வர வர நெரிசலில் முழுதாக நின்று திரும்ப வேண்டியிருக்கும், அதற்குள் முன்னால் உள்ளவர்கள் வேகமெடுத்திருப்பார்கள், அவர்களைப் பிடிக்க 600 வாட் மிதிக்க வேண்டும். நான்கு சுற்றில் ஏழு திருப்பம், ஏழு முறை 600 வாட். பின்னால் இருந்தவர்களில் பலர் இரண்டாவது சுற்றிலேயே கழன்றுபோனார்கள், அவர்களுக்குக் கால் பலம் இல்லாமல் இல்லை, நின்ற இடம் தப்பு. நான் முதல் பத்துக்குள் இருக்கப் பிடிவாதமாக இருந்தேன்.

மூன்றாவது சுற்றில் இரண்டு பேர் பிய்த்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், யாரும் துரத்தவில்லை. நான் முன்னால் போய் இழுத்தேன். நான்கு நிமிடம், 290 வாட், இடைவெளி பாதியாகக் குறைந்தது, அப்புறம் வேறு சிலர் வந்து அவர்களைப் பிடித்தோம். அந்த நான்கு நிமிடத்தில் கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிட்டேன். கடைசி 300 மீட்டரில் எல்லோரும் எழுந்து மிதித்தபோது எனக்கு எழ முடிந்தது, மிதிக்க வரவில்லை. ஒன்பதாவது இடம், ஒரு மணி எட்டு நிமிடம். என்னுடைய இழுப்பில் நிம்மதியாக உட்கார்ந்து வந்தவர்தான் முதல் இடம், அவர் செய்ததுதான் சரியான ஓட்டம். முடிந்ததும் வந்து என் தோளைத் தட்டினார். அடுத்த முறை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுக்க மாட்டேன், முழங்கையை ஆட்டிப் பக்கத்தில் இருப்பவரை முன்னால் வரச் சொல்வேன்.

நாற்பது வயதில் ஆரம்பிக்கலாமா? முதல் வாரம் என்ன செய்வது?

ஆரம்பிக்கலாம், முதலில் ஒரு மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தமும் இதயமும் சரியா என்று கேட்டுவிடுங்கள், குறிப்பாகக் குடும்பத்தில் இதயநோய் இருந்தால். முதல் வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நாற்பது நிமிடம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். எந்தச் சைக்கிளாக இருந்தாலும் சரி. இரண்டு மாதம் இப்படியே போகட்டும். அதற்குப் பிறகு ஒரு குழுவில் சேர்ந்து கடைசியில் ஓட்டுங்கள், கழன்றுவிட்டால் கவலை வேண்டாம், நல்ல குழுவில் ஒருவர் உங்களுக்காகப் பின்னால் வருவார். வராத குழுவாக இருந்தால் வேறு குழு பாருங்கள். முதல் போட்டியாக டைம் டிரையலை எடுங்கள், யாரோடும் உரச வேண்டியதில்லை.

ஞாயிறு மதியம்?

சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம். மாலையில் மகளோடு சைக்கிளைக் கழுவுவேன், கியர் மாற்றும் வேலை அவளுடையது, அதை வேறு யாரும் தொடக் கூடாது. இரவு ஒரு பழைய கணக்கு நோட்டில் இரண்டு பத்தியில் எழுதுவேன். இடது பத்தியில் அந்த வாரம் ஓட்டிய மணி நேரம், வலது பத்தியில் தூங்கிய மணி நேரம். வலது பத்தி 48க்குக் கீழே போயிருந்தால் வரப்போகும் செவ்வாய்க்கிழமை இன்டர்வெல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன்.